'சார்ஜ்' என்ற ஒரே சொல்லுக்குத் தமிழில் எத்தனை சொல்?

கேள்வி: கோவை மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாக நிறுவன ஆவணங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றும் பணியைச் செய்துவருகிறேன். சென்ற மாதம் கைக்கு வந்த ஓர் ஆண்டறிக்கையில் 'சார்ஜ்' என்ற சொல்லும் அதன் உறவுச் சொற்களும் பத்துப் பன்னிரண்டு இடங்களில் வந்தன. ஓரிடத்தில் பொருந்திய தமிழ்ச் சொல் அடுத்த இடத்தில் பொருந்தவில்லை. வங்கி பிடித்துக்கொண்ட 'சார்ஜஸ்' கட்டணம் என்பதில் எனக்கு ஐயம் எழவில்லை. கிடங்குக்கு 'இன்சார்ஜ்' ஆக இருந்தவர் பொறுப்பாளர் என்பதும் எளிதாகவே வந்தது. ஆனால் இயந்திரங்களின் தேய்மானத்தை இலாப நட்டக் கணக்கில் 'சார்ஜ்' செய்ததாக ஒரு வரியும், இயக்குநர்கள் தம் கடமைகளை 'டிஸ்சார்ஜ்' செய்ததாக ஒரு வரியும், முன்னாள் ஊழியர் ஒருவர்மீது 'சார்ஜ் ஷீட்' தாக்கலானதாக ஒரு வரியும் அடுத்தடுத்து வந்தபோது கை தயங்கத் தொடங்கியது.

கடைசியில் நான் சறுக்கியது வேறோர் இடத்தில். நிறுவனத்தின் சரக்கிருப்பின்மீது வங்கிக்கு 'ஃப்ளோட்டிங் சார்ஜ்' உண்டு என்றிருந்த வரியை, 'மிதக்கும் கட்டணம்' என்று மொழிபெயர்த்து அனுப்பிவிட்டேன். சரிபார்த்தவர் அதன் அருகே சிவப்பு மையில் 'எந்தப் படகில்?' என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார்.

அகராதியைத் திறந்தால் இருபதுக்கும் குறையாத பொருள்கள் வரிசையாக நிற்கின்றன; அவற்றுக்குள் என்ன உறவு என்பது விளங்கவில்லை. கட்டணம், குற்றச்சாட்டு, மின்னூட்டம், பொறுப்பு, பாய்ச்சல் ஆகிய இவை அனைத்தும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்து சேர்ந்தன? தற்செயலாக ஒரே ஒலி கொண்ட பல சொற்களா, அல்லது ஒரு வேரிலிருந்து கிளைத்தவையா? சட்டப் பொருளையும் யாரேனும் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவளாவேன்.

மறுமொழி 1: மதுரை மொழி ஆசிரியர்

வணக்கம் அம்மா. ஒரே வேர்தான். அதுவும் ஒரு மாட்டுவண்டியை மனத்தில் நிறுத்திக்கொண்டால் போதும் என்கிற அளவுக்கு எளிய வேர்.

இன்றைய பிரான்சுப் பகுதியில் பண்டைக் காலத்தில் வாழ்ந்த 'கால்' என்னும் இனத்தவரின் மொழியிலிருந்து இலத்தீனுக்குள் வந்த 'கர்ரூஸ்' என்ற சொல் சக்கரம் பூட்டிய வண்டியைக் குறித்தது. அதிலிருந்து பிற்கால இலத்தீனில், வண்டியில் பாரம் ஏற்றுதல் என்ற பொருளில் 'கர்ரிகாரே' என்ற வினை பிறந்தது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் 'சார்ஜ்' என்று நுழைந்தபோது அதன் பொருள் சுமை, சுமையேற்றல் என்பதே. பிற பொருள்கள் யாவும் இந்தச் சுமையிலிருந்து கிளைத்தவை: வண்டியின்மேல் ஏற்றினால் சரக்கு, ஒருவர் தோளில் ஏற்றினால் பொறுப்பு, அவர் பெயரில் ஏற்றினால் குற்றம், அவர் பணப்பையின்மேல் ஏற்றினால் கட்டணம், துப்பாக்கிக்குள் ஏற்றினால் வெடிமருந்து.

தமிழ் படித்தவருக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதே இல்லை என்பதுதான் என் கருத்து. நாம் குற்றம் 'சுமத்துகிறோம்'. பழியையும் வரியையும்கூடச் சுமத்துகிறோம். சுமத்துதல் என்பது சுமக்கச் செய்தல். பதவியை 'ஏற்கிறோம்', விலையை 'ஏற்றுகிறோம்'. 'பொறுப்பு' என்ற சொல்லே 'பொறு' என்ற வினையடியிலிருந்து வருவது. 'பொறை' என்றால் பொறுமை என்பதோடு பாரம் என்றும் பொருள். ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு செய்கிற வேலையைத் தமிழ் சும, ஏற்று, பொறு என்னும் மூன்று வினைகளைக் கொண்டு செய்கிறது. ஆகவே 'சார்ஜ்' வரும் வரியில், யார், யார்மீது, எதை ஏற்றுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தமிழ்ச் சொல் தானாகவே வந்துவிடும். தேய்மானத்தைக் கணக்கில் 'சார்ஜ்' செய்வது அந்த ஆண்டின் கணக்குமீது செலவை ஏற்றுவது. 'செலவாக எழுதப்பட்டது' அல்லது 'பற்று எழுதப்பட்டது' என்றால் கணக்கர்களுக்கு விளங்கும்.

எதிர்முன்னொட்டுச் சேர்ந்த 'டிஸ்சார்ஜ்' சுமையை இறக்குவது. கடமையை 'டிஸ்சார்ஜ்' செய்தவர் அதை ஆற்றி முடித்து இறக்கி வைத்தார். கடனை 'டிஸ்சார்ஜ்' செய்தவர் அதைத் தீர்த்தார். மருத்துவமனை நோயாளியையும் படைப்பிரிவு சிப்பாயையும் பொறுப்பிலிருந்து இறக்கி வெளியே விடுகின்றன. புண்ணிலிருந்து வடியும் சீழுக்கும், அணையிலிருந்து வினாடிக்கு இத்தனை கன அடி என்று திறந்துவிடப்படும் நீருக்கும் இதே சொல்தான். 'ரீசார்ஜ்' மறுபடி ஏற்றுவது. கைப்பேசிக் கடையில் கேட்பதும், நிலத்தடி நீர் குறித்து அரசு அறிவிப்புகளில் 'செறிவூட்டல்' என்று வருவதும் இதுவே. 2003-இல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட பிறகு இந்தச் 'செறிவூட்டல்' பரவலாகக் காதில் விழத் தொடங்கியது.

சரக்கைக் குறிக்கும் 'கார்கோ' ஸ்பானிய மொழி வழியாக வந்த உடன்பிறப்பு. கேலிச்சித்திரத்தைக் குறிக்கும் 'கேரிகேச்சர்' இத்தாலிய வழி. மூக்கின்மீதும் காதின்மீதும் அளவுக்கு மீறிச் சுமையேற்றி வரைவது என்பது அதன் உட்பொருள். 'கேரி', 'கார்', 'கேரியர்' எல்லாம் இதே வண்டியைச் சுற்றிப் பிறந்தவை. ஆனால் 'சார்ட்', 'சார்ட்டர்' ஆகியவற்றை இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிட வேண்டாம். அவை தாளைக் குறித்த வேறோர் இலத்தீன் சொல்லின் வழிவந்தவை.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர், நெல்லை

ஆசிரியர் ஐயா வேரைக் காட்டிவிட்டார். சட்டத்தில் இந்தச் சொல் குறைந்தது மூன்று தனித்தனி வாழ்க்கை வாழ்கிறது என்பதால் அதைப் பிரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

குற்றவியல் பக்கத்தில், நாளிதழ்களே அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஒன்றுண்டு. காவல்துறை தாக்கல் செய்வது 'சார்ஜ் ஷீட்'. நீதிமன்றம் வனைவது 'சார்ஜ்'. முன்னது புலனாய்வு முடிந்தபின் காவல் அதிகாரி அளிக்கும் அறிக்கை. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு அதைக் காவல் அறிக்கை என்றே குறித்தது. 'சார்ஜ் ஷீட்' என்பது வழக்கில் நிலைத்த பெயர். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 193-ஆம் பிரிவு. தமிழில் 'குற்றப்பத்திரிகை' என்பது இந்த அறிக்கைக்கு மட்டுமே உரிய சொல். நீதிபதி ஆவணங்களைப் படித்துப் பார்த்து, விசாரணைக்கு இடமுண்டு என்று கருதினால் எழுதுவதுதான் 'சார்ஜ்'. அதற்குக் 'குற்றச்சாட்டு வனைதல்' என்றோ 'குற்றச்சாட்டுப் பதிவு' என்றோ எழுத வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையே சில வழக்குகளில் ஆண்டுகளே கழிந்துவிடும். உங்கள் அறிக்கையில் 'தாக்கலானது' என்று இருப்பதால், குற்றப்பத்திரிகை என்பதே சரி.

இதே இடத்தில்தான் 'டிஸ்சார்ஜ்' வேறொரு முகத்தைக் காட்டுகிறது. குற்றச்சாட்டு வனைவதற்குமுன், போதிய முகாந்திரம் இல்லை என்று குற்றம் சாட்டப்பட்டவரை அனுப்பிவிடுவது 'டிஸ்சார்ஜ்'. அதை 'விடுவிப்பு' என்கிறோம். விசாரணை முழுவதும் நடந்தபின் குற்றவாளி அல்லர் என்று தீர்ப்பளிப்பது 'விடுதலை'. விடுதலையானவரை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்க முடியாது. விடுவிக்கப்பட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஓர் எழுத்தின் அளவே உள்ள வேறுபாடாகத் தோன்றினாலும், கூண்டில் நின்றவருக்கு அது பெரிய வேறுபாடு.

இனி உங்கள் 'மிதக்கும்' பிரச்சினை. சொத்துச் சட்டத்தில் 'சார்ஜ்' என்பது கடனுக்கு ஈடாகச் சொத்தின்மீது ஏற்றப்பட்ட பொறுப்பு. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு, ஒருவருடைய அசையாச் சொத்து மற்றொருவருக்குச் சேர வேண்டிய பணத்துக்கு ஈடாக்கப்பட்டு, அந்த ஏற்பாடு அடமானமாகவும் இல்லாதபோது அதைச் 'சார்ஜ்' என்கிறது. ஆனால் 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 2(16) பிரிவோ, நிறுவனத்தின் சொத்தின்மீது ஈடாக ஏற்படுத்தப்படும் உரிமையைச் 'சார்ஜ்' என்று சொல்லி, அடமானமும் அதில் அடங்கும் என்கிறது. ஒரு சட்டம் வெளியே தள்ளியதை இன்னொன்று உள்ளே அழைத்துக்கொள்கிறது. எனவே உங்கள் ஆவணத்தில் இதற்கு 'அடமானம்' என்று எழுதினால் பாதிதான் சரி. 'ஈட்டுப் பொறுப்பு' என்று எழுதுவது பாதுகாப்பானது என்பது என் பரிந்துரை.

இயந்திரம், கட்டடம் என்று குறிப்பிட்ட ஒன்றைப் பற்றி நிற்பது நிலையான ஈட்டுப் பொறுப்பு. சரக்கிருப்போ இன்று வந்து நாளை விற்றுப் போவது. அதன்மீது வங்கி பிடி வைத்தால் நிறுவனம் வியாபாரமே செய்ய முடியாது. ஆகவே அந்தப் பொறுப்பு எந்தப் பொருளிலும் ஒட்டாமல், இருக்கிற சரக்கு முழுவதன்மேலும் படர்ந்து நிற்கும். நிறுவனம் வழக்கம்போல் விற்கலாம், வாங்கலாம். கடன் தவறினாலோ நிறுவனம் கலைக்கப்பட்டாலோ, அந்நேரத்தில் கையிருப்பில் உள்ள சரக்கின்மீது அது இறங்கி உறைந்துவிடும். இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் 1870 முதல் ஏற்றுக்கொண்டுவந்த ஏற்பாடு இது. 'மிதக்கும்' என்பதைக் காட்டிலும் 'நிலைபெறாத ஈட்டுப் பொறுப்பு' என்பது என் காதுக்குச் சரியாகப் படுகிறது. இதை 30 நாட்களுக்குள் நிறுவனப் பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பது 77-ஆம் பிரிவின் பொது விதி.

மூன்றாவது வாழ்க்கை அரசமைப்புச் சட்டத்தில் உள்ளது. 112-ஆம் உறுப்பின்படி, குடியரசுத் தலைவரின் ஊதியம், உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம், அரசின் கடனுக்கான வட்டி முதலியவை இந்தியத் தொகுப்பு நிதியின்மீது 'சார்ஜ்' செய்யப்பட்ட செலவுகள். 113-ஆம் உறுப்பு அவற்றை நாடாளுமன்றம் விவாதிக்கலாம், ஆனால் வாக்கெடுப்புக்கு விட வேண்டியதில்லை என்கிறது. நிதியின் தலைமேல் முன்கூட்டியே ஏற்றிவைத்த சுமை என்று கொண்டால், இதுவும் ஆசிரியர் சொன்ன வண்டிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. நீதிபதியின் சம்பளத்தை ஆண்டுதோறும் கைதூக்கி முடிவு செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

மறுமொழி 3: யாழ்ப்பாணத்துப் பௌதிகவியல் ஆசிரியர்

வணக்கம். ஆசிரியர் ஐயா 'ஏற்று' என்ற வினையைக் குறிப்பிட்டமையால் இதைச் சொல்லத் தோன்றுகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'மின்னூட்டம்' எனப்படுவதை இலங்கையில் நாங்கள் 'ஏற்றம்' அல்லது 'மின்னேற்றம்' என்றே படிப்பிக்கின்றோம். இலத்திரனுக்கு மறையேற்றம், புரோத்தனுக்கு நேரேற்றம். வண்டியில் பாரம் ஏற்றிய அந்தப் பழைய வினை எங்கள் வகுப்பறையில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று இப்போதுதான் உணர்கிறேன். 'ஊட்டம்' என்பதில் உணவூட்டும் சாயல் வந்துவிடுகின்றது. எனக்கு அது அவ்வளவு பிடிப்பதில்லை. எனினும் இது பழக்கத்தால் வந்த பற்றாகவும் இருக்கலாம்.

மின்னியலுக்குள் இச்சொல் வந்த வழி துப்பாக்கியின் வழி. 1745, 1746-ஆம் ஆண்டுகளில் உருவான லேடன் சாடி என்னும் கண்ணாடிப் பாத்திரத்தில் மின்னைத் திரட்டி வைக்க முடிந்தது. தொட்டவரை அது தூக்கியெறிந்தது. துப்பாக்கிக்குள் மருந்தை நிரப்பி வைத்து ஒரு நொடியில் வெடிக்கச் செய்வது போலவே இதுவும் தோன்றியமையால், நிரப்புதல் 'சார்ஜ்' ஆயிற்று, வெளிப்பாய்ச்சுதல் 'டிஸ்சார்ஜ்' ஆயிற்று. 1740-களின் இறுதியில் இச்சாடிகளைக் கொண்டு ஆய்ந்த பெஞ்சமின் பிராங்கிளின், பல சாடிகளை வரிசையாக இணைத்த அமைப்புக்குப் பீரங்கி வரிசையைக் குறிக்கும் 'பற்றரி' என்ற சொல்லையே சூட்டினார். நாம் கடையில் கேட்டு வாங்கும் பற்றரியும் அதற்கு ஏற்றும் சார்ஜும் ஒரே படைக்களத்திலிருந்து வந்தவை.

ஒரு திருத்தத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் மாணவர்கள் இதில் எப்போதும் தடுக்கி விழுவார்கள். கைத்தொலைபேசியை 'சார்ஜ்' செய்யும்போது அதனுள் மின்னேற்றம் மிகுவதில்லை. ஒரு முனையால் உள்ளே சென்ற அளவு மறுமுனையால் வெளியே வந்துவிடும். உள்ளே சேர்வது இரசாயனச் சக்தி. 5000 மில்லி அம்பியர் மணி என்று எழுதப்பட்ட பற்றரி முழுதாக நிறைகையில் ஏறத்தாழ 18000 கூலோம் ஏற்றம் அதன் வழியே ஓடியிருக்கும், ஆனால் தங்கியிருக்காது. ஆகவே பௌதிக நூலில் வரும் 'சார்ஜ்' பொருளின் ஓர் இயல்பு. ஓர் இலத்திரனின் ஏற்றத்தின் பருமன் 2019 மே 20 முதல் சரியாக 1.602176634 × 10⁻¹⁹ கூலோம் என்று நிலைநிறுத்தப்பட்டுள்ளது. கடையில் கேட்கும் 'சார்ஜ்' ஒரு செயல். முன்னதற்கு 'ஏற்றம்' அல்லது 'மின்னூட்டம்' என்றும், பின்னதற்கு 'மின்னேற்றுதல்' என்றும் எழுதினால் குழப்பம் குறையும்.

கேட்டவரின் பதில்: கோவை மொழிபெயர்ப்பாளர்

மூவருக்கும் மிகுந்த நன்றி. 'மிதக்கும்' என்பதை முதல் வேலையாக நீக்கிவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள். ஒன்று, தடியடியைக் குறிக்கும் 'லத்தி சார்ஜ்' எப்படிச் சுமையாகும்? கூட்டத்தின்மீது தடியை ஏற்றுவது என்று என்னால் வலிந்துதான் பொருள் கொள்ள முடிகிறது. மற்றொன்று, 'இன் சார்ஜ் ஆஃப்' என்றும் 'இன் த சார்ஜ் ஆஃப்' என்றும் இரண்டு வடிவங்கள் வருகின்றன; இரண்டையும் 'பொறுப்பில்' என்று எழுதலாமா?

மறுமொழி 4: மதுரை மொழி ஆசிரியர்

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். முந்தையது சுமப்பவரைக் குறிக்கும், பிந்தையது சுமக்கப்படுபவரைக் குறிக்கும். செவிலியர் குழந்தைக்கு 'இன் சார்ஜ் ஆஃப்'. குழந்தை செவிலியரின் 'இன் த சார்ஜ் ஆஃப்'. தமிழில் 'பொறுப்பில்' என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் எழுதினாலும், வேற்றுமையை இடம் மாற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்: 'கிடங்குக்குப் பொறுப்பான அதிகாரி', 'அதிகாரியின் பொறுப்பில் உள்ள கிடங்கு'. அப்படி ஒப்படைக்கப்பட்ட குழந்தையையே 'சார்ஜ்' என்று பெயர்ச்சொல்லாகச் சொல்வதும் ஆங்கிலத்தில் உண்டு. முன்னிடைச் சொல்லைக் கவனிப்பது எல்லா இடத்திலும் உதவும். 'ஃபார்' வந்தால் பெரும்பாலும் பணம். 'வித்' வந்தால் குற்றமாகவும் இருக்கலாம், கடமையாகவும் இருக்கலாம். ஒருவர் கொலையோடும் 'சார்ஜ்' செய்யப்படுவார், ஒரு குழுவின் தலைமைப் பணியோடும் 'சார்ஜ்' செய்யப்படுவார். தமிழ் இங்கே தெளிவானது: முன்னதைச் சுமத்துகிறோம், பின்னதை ஒப்படைக்கிறோம்.

தடியடி குறித்த உங்கள் ஐயம் நியாயமானது. சுமைக் குடும்பத்தில் ஒட்டாமல் நிற்கும் ஒரே பிள்ளை இந்தப் பாய்ச்சல்தான். சொற்பிறப்பு அகராதிகள் பொதுவாகத் தரும் விளக்கம் இது: ஆயுதத்தில் மருந்தை ஏற்றுதல் என்பதிலிருந்து, அதைத் தாக்குவதற்கு ஆயத்தமாக ஏந்துதல் என்றாகி, ஏந்தியபடியே எதிரிமேல் பாய்தல் என்று பொருள் நகர்ந்தது. கிரீமியப் போரில் 1854 அக்டோபர் 25 அன்று பாலக்லாவாவில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயக் குதிரைவீரர்கள் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஓர் ஆணையின்படி ருஷ்யப் பீரங்கிகளை நோக்கி விரைந்தது இந்தப் பொருளிலான 'சார்ஜ்'. அந்தக் குதிரையின் பெயரும் 'சார்ஜர்'. வனத்துறையினர் யானையைப் பற்றிச் சொல்வதும் இதுவே. அச்சுறுத்துவதற்காக ஓடிவந்து பாதியில் நின்றுவிடுவதைப் 'பொய்ப் பாய்ச்சல்' எனலாம். ஆகவே இங்கு ஏற்றலைத் தேடாதீர்கள். 'பாய்தல்' என்றே எழுதுங்கள். 'தடியடி' என்ற நம் சொல் ஓட்டத்தை விட்டுவிட்டு அடியை மட்டும் எடுத்துக்கொண்டது. பட்டவர்களின் நினைவில் நிற்பதும் அதுதானே.

'சார்ஜர்' என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. 1611-இல் வெளியான ஆங்கில விவிலியத்தில் யோவானின் தலையை ஒரு 'சார்ஜர்'மீது வைத்துக் கேட்கிறாள் ஒரு பெண். இறைச்சியை ஏற்றிவைக்கும் பெரிய தட்டுக்கு அந்நாளில் அதுவே பெயர். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது 'தாலம்' என்று அழகாக இருக்கிறது. இக்காலத்து மாணவரிடம் அந்த ஆங்கில வரியை மட்டும் கொடுத்தால் என்ன எழுதுவாரோ!

மறுமொழி 5: அரசு அலுவலர், விழுப்புரம்

அலுவலக வழக்கிலிருந்து ஒன்றிரண்டு சேர்க்கிறேன். எங்களிடையே 'சார்ஜ் எடுத்தார்' என்றால் பதவிப் பொறுப்பேற்றார். 'அடிஷனல் சார்ஜ்' என்றால் கூடுதல் பொறுப்பு, அதாவது ஒரு சம்பளத்துக்கு இரண்டு நாற்காலி. 'சார்ஜ் மெமோ' வந்தால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. அதைத் தமிழ்நாட்டு அரசு ஊழியர் எவரும் முழுப் பெயரால் சொல்வதில்லை, ஒழுங்கு நடவடிக்கை விதியின் எண்ணைக் கொண்டு '17 பி' என்றுதான் சொல்வார்கள். ஒரே நாற்காலியில் அமர்ந்தபடி ஒருவர் சார்ஜ் எடுக்கவும் சார்ஜ் வாங்கவும் முடியும் என்பது எங்கள் துறையின் சிறப்பு.

'சர்சார்ஜ்' என்பதும் உங்கள் கையில் என்றாவது வந்து சேரும். வருமான வரியில் அது வரியின்மேல் வரி. ஆண்டு வருமானம் 50 இலட்சம் ரூபாயைத் தாண்டி ஒரு கோடி வரை இருந்தால் வரித்தொகையில் 10 விழுக்காடு. கூட்டுறவுத் துறையிலோ பொருள் முற்றிலும் வேறு. சங்கத்துக்கு இழப்பு ஏற்படுத்தியவரிடமிருந்து அத்தொகையை வசூலிக்க 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-ஆம் பிரிவு வழிசெய்கிறது. அதைத் 'தண்டத்தீர்வை' என்கிறோம். இதைப் போய்க் 'கூடுதல் கட்டணம்' என்று மொழிபெயர்த்தால், ஏமாற்றியவருக்கு இரசீது போட்டுக் கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

கேட்டவரின் பதில்: கோவை மொழிபெயர்ப்பாளர்

திருத்திய வரிகளை இங்கே வைக்கிறேன். பிழை இருந்தால் சொல்லுங்கள். 'சரக்கிருப்பு முழுவதன்மீதும் வங்கிக்கு நிலைபெறாத ஈட்டுப் பொறுப்பு உண்டு.' 'தேய்மானம் இலாப நட்டக் கணக்கில் செலவாக எழுதப்பட்டது.' 'இயக்குநர்கள் தம் கடமைகளை ஆற்றியுள்ளனர்.' 'முன்னாள் ஊழியர்மீது நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது. அவர் பின்னர் விடுதலை செய்யப்பட்டார்.'

மறுமொழி 6: ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர், நெல்லை

கடைசி வரியில் ஆங்கில மூலத்தை மறுபடி பார்த்துவிடுங்கள் அம்மா. அங்கே 'டிஸ்சார்ஜ்டு' என்று இருந்தால், அவர் விடுவிக்கப்பட்டார்; விடுதலை செய்யப்படவில்லை.

கேட்டவரின் பதில்: கோவை மொழிபெயர்ப்பாளர்

பார்த்தேன் ஐயா. 'டிஸ்சார்ஜ்டு' என்றுதான் இருக்கிறது. திருத்திவிட்டேன்.